ஒரு நடை போய்ட்டு வந்துடட்டா?

காஞ்சிபுரத்தில் பிறந்தவனுக்கு நடை என்றால் முதலில் கோயில் நடை. உச்சிவேளைக்குள் போகாவிட்டால் சாத்திவிடுவார்கள். ஓடினால்தான் நடையைப் பிடிக்க முடியும் என்ற முரண்பாட்டிலேயே வளர்ந்தவன் நான். பிறகு தமிழாசிரியராகி, நடை என்றால் எழுத்து நடை என்று பையன்களை மிரட்டினேன். இவ்வளவு தெரிந்திருந்தும், ஒரு கோடை விடுமுறையில் அந்தச் சொல் என் மனைவியைப் படகோடு கொண்டுபோய்விட்டது.

எழுபதுகளின் தொடக்கம். மனைவியின் அண்ணன், அதாவது என் மைத்துனர், பட்டுச் சேலைக் கடை வைத்திருந்தார். கடையை நாலு நாள் மறந்தால் ஒழிய ரத்தக் கொதிப்பு இறங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கடலோரமாக நடப்பது, பாய்மரப் படகில் போவது, தீவுகளில் இறங்கித் திரும்பவும் நடப்பது என்று அவரே திட்டம் போட்டார். செலவு அவருடையது என்பதால் திட்டத்தில் நான் குறை காணவில்லை. மிதப்பவற்றில் என் மனைவி அதுவரை பார்த்தது கோயில் தெப்பம் ஒன்றுதான்.

பஸ் மாறி பஸ் மாறிப் பழவேற்காடு போய்ச் சேர்ந்தோம். ஏரிக்கு அக்கரையில் ராக்கெட் விடப் போகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. முதல் நாள் கடற்கரையில் நடந்தோம். மணல் அடுப்பில் போட்டு வறுத்தது போல் இருந்தது. மனைவியின் செருப்பு வார் அங்கேயே அறுந்தது.

மறுநாள் படகு. பாயில் ஏகப்பட்ட ஒட்டு. மைத்துனர் அதன் ஓரத்தை விரலிடுக்கில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார்.

"நூலு கெட்டி. ஆனா கோர்வை சரியில்லபா. உடம்பும் பார்டரும் சேர்ற எடத்துல பிரியுது பாரு."

"காத்து புடிச்சா போதும் சார்" என்றார் படகுக்காரர். "இத்தக் கட்டிக்கினு கல்யாணத்துக்கா போப்போறீங்கோ?"

காற்று பிடித்தது. ஏரி சத்தமில்லாமல் எங்களுக்கு அடியில் ஓடியது. நான் இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டு இயற்கையை ரசித்தேன். கொஞ்ச நேரத்தில் படகுக்காரர் ஒரு குட்டித் தீவில் படகை ஒதுக்கினார். மணல், முள்ளுச்செடி, தூரத்தில் நாரைக் கூட்டம்.

"நான் வர்லீங்க" என்றாள் மனைவி. "செருப்பு இல்லாம இந்த மணல்ல யாரு நடக்கறது? நீங்களும் அண்ணனும் போய்ட்டு வாங்க. நான் படகுலயே, இந்தப் பாய் நெழல்ல படுத்துக்கினு இருக்கேன்."

நாங்கள் கிளம்பும்போது படகுக்காரர் என்னிடம் வந்தார்.

"சார், நீங்க சுத்திட்டு வர்றதுக்குள்ள நான் ஒரு நடை போய்ட்டு வந்துடட்டா?"

பாவம், மனிதர் அனுமதி கேட்கிறாரே என்று எனக்கு உருகிவிட்டது. "தாராளமா போய்ட்டு வாப்பா. நாள் பூரா உக்காந்தே இருந்தா காலு மரத்துப் போயிடும்" என்றேன்.

அவர் என் காலைப் பார்த்தார். தன் காலைப் பார்த்தார்.

தீவைச் சுற்றி வந்தோம். மைத்துனர் ஒவ்வொரு நாரையின் நிறத்துக்கும் தன் கடையில் ஒரு சேலை இருப்பதாகச் சொல்லிக்கொண்டே வந்தார். இறங்கிய இடத்துக்குத் திரும்பினால், ஈர மணலில் படகு கிடந்த தடம் மட்டும் இருந்தது.

"மாப்ளே, படகு எங்க?"

"இங்கதான் இருந்துது."

"படகுக்காரன்?"

"கொஞ்சம் நடந்துட்டு வரேன்னாரு. நான்தான் போகச் சொன்னேன்."

"நடக்கப் போனவன் படகையும் தூக்கிக்கினா போனான்?"

எனக்கு ஒரே ஒரு விளக்கம்தான் தோன்றியது. ஆள் எங்கோ நடந்து போயிருக்கிறார், படகு தானாக நழுவியிருக்கிறது, உள்ளே இவள் தூங்குகிறாள். கிழக்கே, ஏரி கடலில் கலக்கும் முகத்துவாரம் வெள்ளையாக நுரைத்துக்கொண்டிருந்தது. அவளுக்கு நீச்சல் தெரியாது.

நான் தண்ணீரில் இறங்கினேன். எனக்கும் நீச்சல் தெரியாது என்பது இடுப்பளவு ஆழத்தில் நினைவுக்கு வந்தது.

"ஏறி வாய்யா மேல!" என்று அலறினார் மைத்துனர். "ரெண்டு பேரையும் நான் எங்கன்னு தேடுவேன்?"

கல்யாணமான நாளாக அவளை "இந்தா" என்றுதான் நான் கூப்பிடுவது. அந்தப் பழக்கத்தில், கரையோரத் தண்ணீரில் நின்று ஏரியைப் பார்த்து "இந்தா! இந்தா!" என்று கத்தினேன். எதையோ கொடுக்கிறான் என்று நினைத்ததோ என்னவோ, ஒரு நாரை மட்டும் திரும்பிப் பார்த்தது. அதற்குப் பிறகுதான் அவள் பேரைச் சொல்லிக் கத்தினேன். தொண்டை கட்டும் வரை கத்தினேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. மைத்துனர் திடீரென்று என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"அதோ! நம்ம பாய்தான்! கோர்வையைப் பாரு!"

தூரத்தில் ஒரு பாய், ஓரம் பிரிந்து படபடத்துக்கொண்டு வந்தது. கரை பிரிந்த துணியைப் பார்த்து ஒரு பட்டுக்கடைக்காரர் கைகூப்பியது அநேகமாக அன்றைக்குத்தான். படகு நெருங்கியது. நடுவில் மூட்டைகள். முன்னால் என் மனைவி, பாய்க்கயிற்றின் நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு, தலைமுடி கலைந்து, சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் அப்படியே தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டேன். அதுவரை நனையாதிருந்த சட்டையும் நனைந்தது.

"எங்கய்யா போன?" என்று பாய்ந்தார் மைத்துனர்.

"சொல்லிக்கினுதானே சார் போனேன்? எதிர்க்கரையில கிளிஞ்சல் மூட்டை கெடந்துது. ஒரு நடை அடிச்சுட்டு வந்தேன். அம்மாவையும் கேட்டேன், வரேன்னாங்க."

"நடைன்னா?" என்றேன், தண்ணீரிலிருந்து.

"லோடு ஏத்த ஒரு தபா போய்ட்டு வர்றதுதான் சார். நீங்க வேற இன்னான்னு நெனச்சீங்கோ?"

"அவரைக் கேக்காதபா" என்றார் மைத்துனர். "அவரு தமிழ் வாத்தியாரு."

எனக்குக் கோபம் வரவில்லை. வர இடமில்லை. உள்ளே முழுக்க வேறு ஏதோ நிரம்பியிருந்தது. எழுந்து வந்து படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தேன்.

"நல்லா இருந்துதுங்க" என்றாள். "பறக்கறாப்புல இருக்குது. வரும்போது தூரத்துல யாரோ என் பேரைக் கத்தறது கேட்டுது. நீங்களா இருக்காதுன்னு நெனச்சேன்."

"நான்தான்."

"அப்போ என் பேரு ஞாபகம் இருக்குது" என்றாள், கயிற்றை விடாமலே.

திரும்பும்போது அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். காற்று ஏறியிருந்தது, படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடியது. வரும்போது பலகையைப் பிடித்திருந்த இரண்டு கையும் இப்போது எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று நான் கவனிக்கவில்லை. மைத்துனர் கவனித்தார்.

"இத்தினி வருஷமா முந்தானை விக்கிறேன்" என்றார் படகுக்காரரிடம். "ஒரு ஆம்பளை இவ்ளோ கெட்டியா புடிச்சி நான் பார்த்ததில்லபா."

கரை தட்டும் வரை நான் விடவில்லை.