‘ஒண்ணும் பண்ணல’ என்று வந்த பென்டிரைவ்

2012இல் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் பில் போடச் சேர்ந்தபோது அவருக்கு வயது இருபத்து நான்கு. சேர்ந்த சில மாதங்களில் கல்யாணப் படங்கள் இருந்த மெமரி கார்டு ஒன்று திறக்காமல் போனது. முதலாளி எங்கிருந்தோ ஒரு மென்பொருளைப் பிடித்துவந்து பாதிப் படங்களை மீட்டார். மீட்டவற்றை அதே கார்டிலேயே சேமித்தார். மீதிப் பாதி அவற்றின் அடியில் அழிந்துபோனது. பெண் வீட்டார் வந்து நின்றபோது முதலாளி வெளியே போயிருந்தார். திட்டு முழுவதும் பில் போடுபவருக்கு.

அந்தத் திட்டுதான் அவரை இந்தத் தொழிலுக்குள் தள்ளியது. இப்போது செல்போன் கடைகள் நெருக்கியடிக்கும் வணிக வளாகத்தின் இரண்டாம் மாடியில், கணவரின் ரிப்பேர் கடைக்குப் பின்புறம், நாற்காலியைத் திருப்பினால் சுவர் இடிக்கும் இடத்தில் இரண்டு கணினிகளோடு உட்கார்ந்திருக்கிறார். மூச்சு நின்ற பென்டிரைவ், கார்டு எல்லாம் அவரிடம்தான் வரும். வளாகமே அவரை ‘ஐசியு அக்கா’ என்கிறது. பெயர் வைத்தது கணவர்.

வந்த பொருளில் அவர் நேரடியாகக் கை வைப்பதில்லை. முதலில் அதை அப்படியே முழு நகல் எடுப்பார்; தேடுவது, நோண்டுவது எல்லாம் நகலில்தான். வந்தவரிடம் ஒரே கேள்வி: “திறக்கலன்னதும் என்ன பண்ணீங்க?” எல்லாரும் சொல்லும் பதில், “ஒண்ணும் பண்ணல.” அப்படிச் சொன்னால் ஏதோ பண்ணியிருக்கிறார்கள் என்று அர்த்தம் என்பார் கணவர்.

போன புதன்கிழமை ஓர் அக்காவும் தம்பியும் வந்தார்கள். கம்ப்யூட்டர் எம்பிராய்டரி செய்பவர்கள். அக்கா டிசைன் வரைவார். தம்பி அதைப் பென்டிரைவில் கொண்டுபோய் மெஷினில் செருகித் தைப்பார். பழைய லேப்டாப்பைக் கழித்துக்கட்டியபோது அக்கா பத்து வருடம் வரைந்த டிசைன்கள் அத்தனையையும் அந்த ஒரே பென்டிரைவுக்கு மாற்றியிருந்தார்கள். கால்பந்துக் குழு ஒன்றின் சட்டைகளுக்கான சின்னமும் அதில்தான். சட்டைகளை வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். பென்டிரைவோ எந்தக் கணினியிலும் திறக்கவில்லை.

ஐசியு அக்கா வழக்கமான கேள்வியைக் கேட்டார். தம்பி வழக்கமான பதிலைச் சொன்னார்.

நகல் எடுத்துப் பார்த்தால் பென்டிரைவின் சேமிப்பில் முன்பகுதி வெறுமையாக இருந்தது. உள்ளே இருக்கும் சிப் செத்துக்கொண்டிருந்தாலும் அப்படித் தெரியலாம். யாராவது அழித்திருந்தாலும் தெரியலாம். சிப் என்றால் அதைப் பெயர்த்தெடுக்கும் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். திரும்பி வர இரண்டு வாரமாகும், வராமலும் போகலாம். அழித்தது என்றால் மிச்சத்தை இங்கேயே தேடலாம்.

முன்கடையில் கணவரோடு பேசிக்கொண்டிருந்த அக்காவைத் தம்பி இருமுறை திரும்பிப் பார்த்ததை ஐசியு அக்கா கவனித்தார். குரலைத் தாழ்த்தினார்.

“டாக்டர்கிட்டயும் வக்கீல்கிட்டயும் பொய் சொல்லக் கூடாதும்பாங்க தம்பி. அந்த வரிசையில என்னையும் சேத்துக்கோங்க.”

தம்பி கொஞ்சம் நெளிந்தார். “மெஷின் ஏதோ கேட்டுச்சு. பச்சை பட்டனை அழுத்திட்டேன். பாதியில பயந்துபோய் மெஷினையே ஆஃப் பண்ணிட்டேன்.”

“என்ன கேட்டுச்சு?”

“அது பாஷை நமக்கு எங்க தெரியுது?”

முன்கடைப் பேச்சு நின்றிருந்தது. “புரியாத பாஷையில எவன் என்ன கேட்டாலும் சரின்னுடுவியாடா?” என்றார் அக்கா.

“நீதானேக்கா சொன்ன, எது கேட்டாலும் பச்சையை அழுத்துன்னு. பத்து வருஷமா அதைத்தான் அழுத்துறேன்.”

மெஷின் வந்த நாளில் அப்படிச் சொன்னது அக்காதான்.

“முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கப் பாத்தாரு, அரைப் பூசணியோட மாட்டிக்கிட்டாரு” என்றார் கணவர். அவரை யாரும் கண்டுகொள்ளவில்லை.

மெஷின் பென்டிரைவை அழிக்க அனுமதி கேட்டிருக்கிறது, தம்பியும் கொடுத்திருக்கிறார். ஆனால் பாதியில் ஆஃப் செய்ததால் அழிந்தது முன்பகுதி மட்டும். இன்னொரு சிக்கல் மிச்சமிருந்தது. மீட்பு மென்பொருளுக்குப் படம் தெரியும், பாட்டு தெரியும். எம்பிராய்டரி ஃபைல் தெரியாது. ஒரே வகை ஃபைல்கள் ஒரே மாதிரிதான் தொடங்கும் என்பதால், நல்ல நிலையில் இருக்கும் ஒன்றாவது வேண்டும் என்று ஐசியு அக்கா கேட்டார். கடைசியாகத் தைத்த பூ டிசைன் மெஷினின் நினைவகத்தில் கிடக்கும் என்றார் தம்பி. வேறொரு பென்டிரைவை எடுத்துக்கொண்டு ஓடினார். “பச்சையைத் தொட்டே, தொலைச்சிருவேன்” என்று அக்கா படிக்கட்டு வரை பின்னாலேயே போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

பூ வந்தது. அது தொடங்கும் விதத்தை ஐசியு அக்கா மென்பொருளுக்குக் காட்டி, நகல் முழுவதும் அதேபோல் தொடங்குபவற்றைத் தேடவிட்டார். சாயங்காலத்துக்குள் ஏறக்குறைய எல்லா டிசைன்களும் கிடைத்தன. பெயர்கள் மட்டும் போய்விட்டன. எல்லாம் வெறும் எண்கள். அக்காவும் தம்பியும் ஒரே நாற்காலியில் ஆளுக்குப் பாதியாக உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். மயில், ரோஜா, யாரோ ஒருவரின் முதலெழுத்து, மறுபடியும் மயில். கடை மூடப்போகும் நேரத்தில் கால்பந்துச் சின்னம் வந்தது. தம்பி அதை எடுத்துக்கொண்டு மெஷினுக்குப் போனார்.

மற்றவற்றுக்கு அக்கா வீட்டில் உட்கார்ந்து மறுபடியும் பெயர் வைக்க வேண்டும். எல்லாம் சரி என்று அவர் சொல்லும்வரை நகல் இங்கே கணினியில் இருக்கும். பழைய பென்டிரைவும் அதுவரை ஐசியு அக்காவின் மேசை டிராயரில் இருக்கும்.