விலை சொன்ன பிறகு வாய் திறக்காதவர்

என் மசாலாக் கம்பெனியின் சரிபாதிப் பங்காளி மெஹருன்னிசா போன மாதம் இறந்துவிட்டார். பழனியில் ஒரு ஓட்டல்காரரிடம் ஆர்டர் பேசிக்கொண்டிருந்தேன். மெஹருன்னிசாவின் கணவர் போனில், "அண்ணே, மெஹரு போயிருச்சுண்ணே" என்றார். "எந்த லைனுக்கு?" என்று கேட்டேன். எங்கள் தொழிலில் விற்பனை ஆட்கள் சுற்றிவரும் பாதைக்கு லைன் என்று பெயர். வாரத்தில் ஒருநாள் மெஹருன்னிசாவும் ஏதாவது ஒரு லைனுக்குப் போவார். எனக்கு வேறு அர்த்தம் தோன்றவே இல்லை. மறுமுனையில் அழுகைச் சத்தம் கேட்டபிறகுதான் புரிந்தது.

நம் வியாபாரிகள் சங்கத்தில் பலருக்கு அவரை 'லண்டன்காரம்மா' என்றுதான் தெரியும். கணவருடைய வேலைக்காக இங்கிலாந்து போனவர், அங்கே வியாபாரமும் விற்பனையும் படித்தார். மாலையில் ஒரு மெத்தைக் கடையில் வேலை. ஊர் திரும்பியதும் பேகம்பூரில் வீடெடுத்து, என் அரவை மில்லுக்கு வந்து பங்கு கேட்டார். நான் கன்னிவாடியிலிருந்து ஒற்றை மெஷினோடு வந்து முன்னேறியவன். அந்தத் திமிர் எனக்கு உண்டு.

"மெத்த வித்த படிப்பு மல்லிப்பொடி விக்க ஒதவுமா தங்கச்சி?"

"வாங்குறவன் மனுசன்தானண்ணே. பர்ஸத் தொடுறதுக்கு முன்னாடி முழிக்கிற முழி அங்கயும் இங்கயும் ஒண்ணுதான்."

இருவரும் சேர்ந்து பேசப்போன முதல் பெரிய ஆர்டர் ஒட்டன்சத்திரத்தில். "ஏனுங்க, கிலோ என்ன வெலைங்க?" என்றார் கடைக்காரர். விலையைச் சொன்னேன். சொன்ன மூச்சிலேயே, "ஒங்களுக்குன்னா பாத்துப் போட்டுக்கலாம்" என்றேன். நம் ஊரில் இந்த வாலை ஒட்டாமல் விலை சொல்ல ஒருவருக்கும் வராது. "அப்பப் பாத்தே போடுங்க" என்று அவர் சிரித்தார். குறைத்துக் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறினோம்.

"அண்ணே, அந்த மனுசன் கொறைக்கச் சொல்லவே இல்லையே! நீங்களே வெல சொல்லி, நீங்களே கொறச்சு, நீங்களே ஒத்துக்கிட்டீங்க. ஒங்களுக்கு எதிர்ல ஆளே தேவையில்ல."

அன்று அவர் சொன்னதை இன்றும் அப்படியே வைத்திருக்கிறேன். "வெலயச் சொன்னா வாய மூடிரணும். அந்தச் செத்த நேரம் நமக்குத்தான் நெருப்பு. அவங்களுக்கு அது யோசிக்கிற நேரம். அதுல போய் நாம பேசலாமா?" சொல்வது சுலபம். எனக்குப் பழக இரண்டு தீபாவளி ஆனது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வத்தலக்குண்டில் ஒரு கடையில் சாம்பார்ப்பொடி கட்டி தட்டிவிட்டது. லைனுக்குப் போன முருகேசனைக் கடைக்காரர் தெருவே பார்க்கத் திட்டியிருக்கிறார். "அவனை இன்னைக்கே நிறுத்து" என்றேன் நான். மெஹருன்னிசா முருகேசனையும் கூட்டிக்கொண்டு நேரே அந்தக் கடைக்குப் போனார். "மூடைய ஈரத்துல வச்சது எங்க குடோன். என்னையத் திட்டுங்க, இவரத் திட்டாதீங்க" என்று அவனை ஒதுக்கிவிட்டு முன்னால் நின்றாராம். கடைக்காரர் திட்டித் தீர்த்துவிட்டு, கடைசியில் டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

மெத்தைக் கடையில் இவர் செய்த தவறுக்கு மேனேஜர் இப்படித்தான் வசவு வாங்கினாராம். "அங்க நாலு புஸ்தகம் படிச்சேண்ணே. அத்தனையும் அந்த ஒரு நாள்ல அடங்கிருச்சு. ஆர்டர் வந்தா அவன் பேரு, திட்டு வந்தா நம்ம பேரு" என்றார். முருகேசன் இன்றுவரை எங்களிடம்தான் இருக்கிறான். கூடுதல் சம்பளத்துக்கு இரண்டு பேர் கூப்பிட்டும் போகவில்லை.

இப்போது அலுவலகத்தில் நான் சொல்வதுதான் சட்டம். மிளகாயை இந்த விலைக்கு எடுக்கலாமா என்று கேட்டால், "எடுக்கலாம் முதலாளி" என்கிறார்கள். எடுக்க வேண்டாமா என்று கேட்டாலும், "வேண்டாம் முதலாளி" என்கிறார்கள். எதிர்த்துப் பேச ஆளில்லாத இடத்தில் உட்கார்ந்து தொழில் செய்வது என்னவென்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது. மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவிட்டு, "தொட்டுக்க என்ன வெஞ்சனம் தங்கச்சி?" என்று ஒருநாள் வாய்விட்டே கேட்டுவிட்டேன். கணக்கு எழுதும் பெண் எழுந்து வெளியே போனாள்.

தனியாக இதை ஓட்ட என்னால் முடியாது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. கோயம்புத்தூரிலிருந்து ஒரு கம்பெனி விலைக்குக் கேட்டது. பெயரும் மெஷினும் போதும், லைன் ஆட்கள் தங்களிடமே இருக்கிறார்கள் என்றார்கள். எங்கள் லைன் ஆட்கள் எட்டுக் குடும்பம். வெளிநாட்டிலிருக்கும் மெஹருன்னிசாவின் மகளைக் கூப்பிட்டு, ஆட்களையும் எடுக்கச் சொன்னால் விலை குறையும் என்றேன். "கொறையட்டும் மாமா. அம்மா பங்குலயும் சேத்துக் கொறைங்க" என்றாள்.

போன திங்கட்கிழமை அவர்கள் மூன்று பேர் வந்தார்கள். மேசைக்கு இந்தப் பக்கம் நான் மட்டும். எட்டுப் பேரையும் எடுக்க வேண்டும் என்று சொல்லி, விலையையும் சொன்னேன். 'பாத்து' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள், எழுந்துபோய் வெளியே பேசினார்கள், திரும்பி வந்தார்கள். அவ்வளவு நேரமும் நான் பேசவில்லை. பேச்சுத் துணைக்குப் பக்கத்தில் யாரும் இல்லை.

முடிந்தது இப்படி: பெயர், மெஷின், குடோன் சேர்த்து ஒரு கோடியே பத்து லட்சம். அவர்கள் முதலில் சொன்னதைவிடப் பதினைந்து லட்சம் குறைவு. லைன் ஆட்கள் எட்டுப் பேருக்கும் அதே லைன், அதே சம்பளம், மூன்று வருடத்துக்கு நிறுத்தக் கூடாது.