அக்காவுக்கு வந்த ஊர்

அக்காவுக்குச் சம்பந்தம் வந்தபோது, மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க அப்பாவுக்கு இரண்டு தொலைபேசி அழைப்புகள் போதுமாயிருந்தன. ஒன்று யாழ்ப்பாணத்துக்கு, மற்றது, எங்களைப்போலவே இந்தப் பனிநாட்டுக்கு வந்து திராமன் நகரத்தில் இருக்கும் மாமாவுக்கு. மாப்பிள்ளையின் அப்பப்பா கோயில் திருவிழாவில் யாரோடு கோபித்துக்கொண்டு எத்தனை வருடம் பேசாமல் இருந்தார் என்பதுவரை அரை மணி நேரத்தில் வந்து சேர்ந்தது. சிக்கல், அவர் இப்போது இருக்கும் ஊரில்தான். சுவிற்சர்லாந்தில் ஒரு மலையில், பிரெஞ்சு பேசும் சின்னக் கிராமம். அங்கே இருந்த ஒரே தமிழர் அவர். அவரைப் பற்றி அவரிடமே விசாரிக்க முடியுமா?

“கொம்யூனுக்கு எழுதுவம்,” என்றார் அப்பா. கொம்யூன் என்றால் ஊர் நிர்வாக அலுவலகம்.

அம்மா அகப்பையோடு குசினியிலிருந்து வந்தார். “என்னெண்டு எழுதுவியள்? மாப்பிள்ளை குடிப்பாரோ எண்டோ?”

“ஏன், இஞ்சை எங்கடை எல்லா விசயமும் கொம்யூனுக்குத் தெரியுந்தானே. அங்கையும் ஒரு கொம்யூன் இருக்கும்.”

சொல்லிவிட்டு அப்பா என்னைப் பார்த்தார். நான் பள்ளிக்கூடத்தில் இரண்டு வருடம் பிரெஞ்சு படித்தவன். படித்தவன் என்பது அப்பாவின் சொல். அந்த வகுப்பில் நான் ஒழுங்காகக் கற்றது, ‘யன்னலைத் திறக்கலாமா?’ என்ற ஒரு வசனம். அதற்குப் பிறகு மேல்வகுப்பையும் பாதியில் விட்டுவிட்டு, வாகனங்களுக்குச் சில்லு மாற்றும் ஒரு கடையில் வேலைக்கு நின்றேன்.

அப்பா தமிழில் இரண்டு பக்கம் சொன்னார். என் பிரெஞ்சில் அது மூன்று வரியாகச் சுருங்கியது. இந்த மனிதர் நல்லவரா? உங்கள் ஊர் நல்லதா? என் அக்கா நல்லவள்.

சில கிழமைகளில் தடித்த உறை ஒன்று வந்தது. உள்ளே ஒரு கடிதம். தனி ஆட்களைப் பற்றிச் சொல்லச் சட்டத்தில் இடமில்லை. ஆனால் ஊரைப் பற்றிக் கேட்டீர்கள், அதற்குப் பதில் இதோ என்று எழுதி, ஊரின் வரலாற்றை ஒரு சின்னப் புத்தகமாகவே அனுப்பியிருந்தார்கள்.

“பாத்தியே, மதிப்பு!” என்றார் அப்பா.

அந்த மாசி மாதம் முழுக்க ரொம்சோஸில் இருந்த எங்கள் வீட்டில் அந்த ஊர்தான் குடியிருந்தது. நான் வேலை முடிந்து வர வெளியே இருட்டிவிடும். அக்கா எல்லிங்ஸ்ருட்டில் முதியோர் இல்லத்து வேலை முடிந்து வந்து, காலைச் சூடாக்கியின் பக்கம் நீட்டிக்கொண்டு இருப்பாள். நான் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு வாசிப்பேன். புரிந்ததை வாசித்தேன். புரியாததை இன்னும் நன்றாக வாசித்தேன்.

முன்னொரு காலத்தில் அங்கே இரண்டு குக்கிராமங்கள் இருந்தனவாம். நடுவில் ஒரு ஊற்று. தண்ணீருக்காக இரண்டும் தலைமுறை தலைமுறையாகச் சண்டை பிடித்து, கடைசியில் களைத்துப்போய் ஒரே ஊராகிவிட்டன. மாரியில் பனி கதவை மூடிவிட, உழவர்கள் யன்னலோரம் இருந்து மணிக்கூட்டுக்குச் சின்னச் சின்னப் பற்சில்லுகள் செய்தார்களாம். வெளியே பனி சத்தமில்லாமல் விழ, வீட்டுக்கு வீடு ஒரு விளக்கும் ஒரு அரமும். இவையெல்லாம் உண்மையாகவே புத்தகத்தில் இருந்தன. அதை வாசித்த பின்னேரம் எங்கள் யன்னலுக்கு வெளியேயும் பனி விழுந்தது. எதிர்க் கட்டடத்து வெளிச்சங்களை அக்கா கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வெளிச்சங்களுக்குக் கீழேயும் யாரோ சில்லு அராவிக்கொண்டிருப்பதாக எனக்கும் தோன்றியது.

அப்பாவுக்குப் பிடித்தது வேறொன்று. அங்கத்தைய ஆட்களின் கடவுச்சீட்டில் பிறந்த இடத்தை எழுதமாட்டார்களாம். பரம்பரை எந்த ஊர் என்பதைத்தான் எழுதுவார்களாம்.

“எங்கடை ஆக்கள்தான்,” என்றார் அப்பா நிம்மதியாக.

இதற்கிடையில் நானும் என் பங்கைச் சேர்த்தேன். ஒரு காரணம் இருந்தது. ஒவ்வொரு நாளும் விடிய ஆறு மணிக்கு அக்காதான் என் கதவைத் தட்டுவாள். “எழும்படா, பனி உனக்காக உருகாது.” அவள் தட்டத் தொடங்கும்முன் நான் நித்திரையாலேயே இரண்டு வேலைகளை விட்டிருந்தேன். அவள் போனால் யார் தட்டுவது? இதை வாய்விட்டுச் சொல்ல எனக்கு வெட்கம். ஆகவே ஊரைக் கெடுக்கப் பார்த்தேன்.

“சித்திரையிலையும் ஓநாய் வருமாம்,” என்று வாசித்தேன்.

“பாவம், பசிக்குமாக்கும்,” என்றாள் அக்கா.

“கோயில் மணி கால் மணித்தியாலத்துக்கு ஒருக்கா அடிக்குமாம். இரவு பகல் இல்லை. நித்திரை கொள்ளேலாது.”

“அப்ப மணிக்கூடு தேவையில்லை. நல்லம்தானே.”

நான் எதைச் சொன்னாலும் ஊர் இன்னும் அழகாகிக்கொண்டே போனது. அவளுக்கு ஊரில் குறையே இல்லை. மனிதரில்தான் இருந்தது. அனுப்பியிருந்த படத்தில் மாப்பிள்ளை நீலத் திரைக்கு முன்னால், கழுத்தில் ரை கட்டி, வழக்குக்கு வந்தவர்போல நின்றார். தொலைபேசியிலும் “ஓம்”, “இல்லை”, “சுகம்” மட்டும்தான்.

“சிரிக்கத் தெரியாத ஆளோடை எப்பிடியடா காலம் தள்ளுறது?” என்று அக்கா என்னைக் கேட்டாள். வரும் ஞாயிற்றுக்கிழமை அப்பா மாப்பிள்ளை வீட்டாருக்குப் பதில் சொல்லவேண்டும்.

இப்போது என் களவைச் சொல்கிறேன். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு படம் இருந்தது. அந்த ஊரில் வாழ்கிறவர்கள் முறைவைத்துத் தீயணைப்புப் படையில் சேரவேண்டுமாம். அவர்களை வரிசையாக நிறுத்தி எடுத்த படம். வரிசை முடிவில் எங்கள் மாப்பிள்ளை. தலைக்கவசம் கண்வரை இறங்கியிருந்தது. பக்கத்தில் நின்ற கிழவர் அதை ஒரு விரலால் தூக்கிப் பிடிக்க, இவர் வாய்கொள்ளாமல் சிரிக்கிறார். கண்ணை மூடிக்கொண்டு, பல்லெல்லாம் தெரிய. அதைப் புத்தகம் வந்த அன்றைக்கே கண்டு, கிழித்து, என் குளிர்ச்சட்டையின் உள்பையில் வைத்துவிட்டேன்.

ஞாயிறு மத்தியானம் அக்கா பல்கனிக்கு வந்தாள். நான் அங்கே தேத்தண்ணியோடு நின்றேன்.

“வேண்டாம் எண்டு அப்பாட்டைச் சொல்லப்போறன்,” என்றாள்.

நான் ஆசைப்பட்டது நடந்துவிட்டது. துள்ளியிருக்கவேண்டும். அவளோ கம்பிமேல் கிடந்த பனியை விரலால் வழித்து, சின்னச் சின்னப் பற்கள் உள்ள ஒரு வட்டம் கீறிக்கொண்டிருந்தாள். ஒரு மாதமாக அவள் அந்த ஊரில்தான் நடந்து திரிந்திருக்கிறாள். இப்போது அங்கிருந்து தனியாகத் திரும்பி வருகிறாள். தேத்தண்ணியைக் கீழே வைத்தேன்.

“அக்கா, ஒரு பக்கம் நான் மொழிபெயர்க்கேல்லை,” என்று உள்பையிலிருந்து அந்தப் படத்தை எடுத்துக் கொடுத்தேன்.

அவள் விரித்துப் பார்த்தாள். பிறகு, “இதிலை எழுத்தே இல்லையேடா,” என்றாள்.

“அதுதான் பிரச்சினை. பொய் சொல்ல ஏலாமல் போச்சு.”

தலையில் குட்டு விழுந்தது. குட்டும்போது அவள் சிரித்தாள். உள்ளே போய்ப் படத்தை அப்பாவுக்கு முன்னால் வைத்து, “ரெலிபோன் எடுத்து ஓமெண்டு சொல்லுங்கோ,” என்றாள். அம்மா படத்தை எட்டிப் பார்த்து, “கொம்யூன் சொல்லித்தான் போட்டுது,” என்றார்.

கலியாணம் முடிந்து அவள் போன முதல் மாதத்தில் நான் ஆறு நாள் பிந்தி வேலைக்குப் போனேன். பிறகு ஒருநாள் விடிய ஆறு மணிக்குத் தொலைபேசி அடித்தது.

“எழும்பீட்டியே? இரு, ஒண்டு கேள்.”

யன்னலைத் திறக்கும் சத்தம். காற்று. பிறகு தூரத்தில், மெல்ல, ஒரு மணி அடிக்கத் தொடங்கியது. நான் போர்வைக்குள் கிடந்து எண்ணினேன்.

“கேட்டுதே?”

“ஒண்டும் கேக்கேல்லை,” என்றேன். “நாளைக்கும் எடுத்துப் பார்.”