குளத்து மட்டியும் ஒரு நல்ல ரிப்போர்ட்டும்

தண்ணியிலயும் மீன், மட்டியிலயும் விஷம் இருக்குதான்னு பாத்துச் சொல்றது எங்க லேப் வேலைங்க; இருக்குதுன்னா ஊரே மூஞ்சியத் திருப்பிக்கும், இல்லைன்னா உங்களுக்கு எதுக்குச் சம்பளம்னு கேக்கும். ஊடு ஊடாப் போயி எதையாவது எடுத்து எழுதிட்டு வர்ற பொழப்பு உங்களுக்கும் வாச்சிருந்தா, என் வயித்தெரிச்சல் புரியும்.

பச்சைக் குளம்

முதலமடைப் பக்கம் ஒரு மாந்தோப்பு, அதுக்குக் கீழ ஒரு குளம். மழையில்லாம சுருங்கிப் போயி, மேல பச்சைப் பெயிண்டு ஊத்துனாப்பல பாசி. தோப்புல போடற உரமெல்லாம் அங்கதான் வந்து எறங்குது. இந்தப் பாசியில ஒரு ரகம் ஈரலைக் கெடுக்கற விஷத்தை விடும். சேத்துல ஓட்டுக்குள்ள கெடக்கற மட்டி அதைத் தின்னு சதையில சேத்து வெச்சுக்கும். குழம்பு எத்தனை கொதிச்சாலும் அது போகாதுங்க.

தோப்புக்காரரு எனக்குப் பெரியப்பா மகன்தான். உரத்தைக் கொஞ்சம் கொறைங்கண்ணா, குளம் கெட்டுக் கெடக்குதுன்னு சொன்னேன். அவரு பூத்து நின்ன மரத்தையே பாத்துட்டு இருந்தாரு. "ஏம் புள்ள, பூவு கொட்டிப் போச்சுன்னா உங்க மிசினு வந்து காய் காய்க்குமா?"

மரியாதை

எங்களைக் கூப்புட்டது மாரக்கா. தோப்புல வேலை, குளத்து மேட்டுல ஊடு. மருமக காளியம்மா ஏழு மாசம் முழுகாம இருந்துச்சு. அந்தப் புள்ளைக்கு வாய்க்குப் புடிச்சதே மட்டிக் குழம்பு ஒண்ணுதான். பாசியைப் பாத்து மாரக்காவுக்குப் பயம். திங்கலாமா, வேண்டாமா? அவங்க கேட்டது அவ்வளவுதாங்க.

சாம்பிள் எடுக்கறவ தன் கையாலயே தண்ணியில எறங்கி எடுக்கோணும்ங்கறது சட்டம். நடுமத்தியான வெயிலு, முழங்கால் சேறு. மாரக்கா மோரைக் குடுத்து உக்கார வெச்சு, நாளைக்கு நானே எடுத்து வெக்கறேன்னாங்க. மறுநா போனா, மூடி போட்ட எவர்சில்வர் டப்பாவுல ஓடெல்லாம் நீக்கி, மூணு தண்ணியில அலசுன வெள்ளைச் சதை. கல்யாணத்துக்குச் சீர் குடுக்கறாப்பல ரெண்டு கையாலயும் நீட்டுனாங்க. நான் வாங்கிட்டு, 'குளத்தில் நேரில் எடுத்தது'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சோம்பேறி நாயிங்க நானு, வேற என்னத்தைச் சொல்ல? அந்தம்மா சிரிச்சாங்க. "நீங்க போயி சேத்துல கால் வெக்கறதுங்களா அம்முணி? நாங்க எதுக்கு இருக்கறோம்?"

சுத்தம்

எங்க கெமிஸ்ட் சார் பாலக்காட்டு அக்ரகாரத்துக்காரரு. வருசக்கணக்கா மீனையும் மட்டியையும் அரைச்சு மிசின்ல ஏத்தறாரு, ஒரு நாளும் வாயில வெச்சதில்லை. ஓடு இருந்திருந்தா எந்த ரக மட்டின்னு தெரிஞ்சிருக்கும். வெறும் சதையில அவருக்கு என்ன தெரியும்? ரிசல்ட்டு சுத்தம்னு வந்துச்சு. "பாசி மூடின கொளம்னயே கொழந்தே, இதுல ஒண்ணுமே இல்லையே, எனக்கு இந்த ஜந்து எல்லாம் ஒண்ணுதான், நீதான் பாத்து எடுத்திருப்பாய்."

சந்தோசமாக் காயிதத்தைக் கொண்டு போயிக் குடுத்தேன். மாரக்கா அதைச் சாமி படத்துக்குப் பக்கத்துல சோத்துப் பருக்கை வெச்சு ஒட்டுனாங்க. காளியம்மா வயித்தைப் புடிச்சுட்டு எந்திரிச்சு வந்து பாத்துச்சு. "அப்ப இன்னிக்கே வெக்கலாமுங்களா அத்தை?"

ஆஸ்பத்திரி

கொஞ்ச நாள்ல அந்தப் புள்ளைக்குக் கண்ணு மஞ்சளாயி, வாந்தி நிக்காம, ஆஸ்பத்திரியில சேத்துட்டாங்க. ஈரல் கெட்டிருச்சாம். எதனாலன்னு டாக்டரு உறுதியாச் சொல்லலை. நான் ஆஸ்பத்திரிக்கு ஓடுனேன். வராந்தாவுல உக்காந்திருந்த மாரக்காகிட்ட, அன்னிக்குக் குளத்துல எந்தப் பக்கம் எடுத்தீங்கன்னு கேட்டேன்.

அந்தம்மா என்னை அதிசயமாப் பாத்தாங்க. "குளத்து மட்டி எங்களாட்டச் சனம் திங்கறதுங்க, அதைப் போயி ஆபீசருக்குக் குடுப்பாங்களா? வண்டியில வர்ற மீன்காரருகிட்டச் சொல்லி நல்ல கடல் மட்டியா வாங்கி வெச்சனுங்க."

ரெண்டாவது காயிதம்

அன்னிக்கே குளத்துல எறங்குனேன். முழங்கால் சேறுதாங்க, ஒண்ணும் ஆகலை. கையை விட்டுத் துழாவி மட்டி எடுத்து, ஓட்டோடயே கொண்டாந்து கெமிஸ்ட் சார்கிட்டக் குடுத்தேன். கடல் மட்டி கதையையும் சொன்னேன். சார் அப்பவே அதை அரைக்க எடுத்துட்டாரு. ராத்திரி சாப்பாட்டுக்கும் போகாம மிசின் முன்னாடியே இருந்தாரு. விஷம் இருக்குதுன்னு ரிசல்ட்டு வர்றதுக்குள்ள காளியம்மா போயிருச்சு. வயித்துல இருந்ததும் போயிருச்சு.

ஊருக்கெல்லாம் சொல்லி, குளத்து மேட்டுல போர்டு வெச்சுட்டு, கடைசியா அந்த ஊட்டுக்குப் போனேன். நடந்ததுல என் தப்பு என்னன்னு மறைக்காமச் சொன்னேன். திட்டுவாங்கன்னு நெனச்சேன், திட்டியிருந்தாத் தேவலை. மாரக்கா புதுக் காயிதத்தை ரெண்டு கையாலயும் வாங்குனாங்க. அந்தம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. சுவத்துல இருந்த பழைய காயிதத்தைக் காமிச்சுக் கேட்டாங்க. "அதைக் கிழிச்சரலாமுங்களா அம்முணி, இல்ல உங்க கையெழுத்து இருக்குதே, அதும் இருக்கட்டுங்களா?"

இப்பெல்லாம் யாரு மோர் குடுத்தாலும் வாங்காம மொதல்ல சேத்துல எறங்கிடறேன், திமிரு புடிச்சவள்னு ஊருக்குள்ள எனக்கு நல்ல பேருங்க.