ஜெர்ரியின் துடிப்பும் கருவடிக்குப்பத்தின் ராசியும்

ஜிம் மாஸ்டர் அன்பழகனுக்கு ஜெர்ரி ஆயிரத்து இருநூறு ரூபாய் கடன்பட்டிருந்தான். சதை ஏற்றும் பவுடர் ஒரு டப்பாவுக்கு. பதினேழு வயதில் பவுடரைக் கண்ணால் பார்க்காமல், சிமெண்டு மூட்டை சுமந்தே மார்பு விரிந்தவர்கள் கருவடிக்குப்பத்தில் இன்னும் கல் மாதிரி இருக்கிறார்கள். அவர்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

மாதா கோயில் திருவிழாவில் சப்பரம் தூக்க அவனுக்கு ஆசை. போன வருடம் தோள் போதாது என்று ஒதுக்கிவிட்டார்கள். அதனால் ஒரு கரண்டி என்று டப்பாவில் போட்டிருந்ததை நான்காகக் கலக்கிக் குடித்தான். சோற்றைத் தொடுவதில்லை.

இரண்டே வாரத்தில் கெண்டைக்கால் தானாகத் துடித்தது. பிறகு புஜம், பிறகு இமை. தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால் கை தொய்ந்தது. போனில் தேடினான். மருந்தில்லாத நரம்பு நோய் என்று வந்தது. சாவதற்குள் கடனை அடைக்க வேண்டுமே என்று அழுதான்.

பக்கத்து வீட்டு மணியம்மாள், பின்பக்கம் அங்கத் துடிப்புப் பலன் அச்சடித்த காலண்டரோடு வந்தாள்.

"வலது புஜமா? ஆம்பளைக்கு நல்லதுடா! பணம் வரும்."

"அத்த, நான் சாவப் போறேன்."

"சாவலாம் இரு. இன்னிக்குச் சீட்டு எடுக்கலாமா, அத சொல்லு."

வலது புஜம் மறுபடி துடித்தது. அன்று சீட்டு அவளுக்கே விழுந்தது. மறுநாளிலிருந்து தெருவே திரண்டது. வண்டி வாங்கலாமா, பெண் பார்க்கப் போகலாமா என்று கேட்டு ஆளுக்குப் பத்து ரூபாய் வைத்தார்கள். அம்மா சூசைமேரி, "பாவம்டா இதெல்லாம்" என்று திட்டிக்கொண்டே வந்தவர்களுக்கு நாற்காலி போட்டாள்.

ஒரு நாள் ஜெர்ரிக்கு அந்த நாற்காலியை நகர்த்தக்கூட முடியவில்லை. சூசைமேரி பயந்துபோய் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். டாக்டரம்மா ரத்தம் எடுத்தார், முழங்காலில் தட்டினார், கடைசியில் டப்பாவை வாங்கிப் படித்தார்.

"ஒரு கரண்டியே மூணு காபிக்குச் சமம். நீ பன்னண்டு காபி குடிச்சிட்டுப் பட்டினி கெடக்குற. சதை ஆடாம என்ன பண்ணும்? நோயுமில்ல, ஒண்ணுமில்ல. போய்ச் சோறு தின்னு."

பத்து நாளில் துடிப்பு நின்றது.

"பாவி, ஒரே ஒரு கரண்டி குடிச்சா என்னடா?" என்று மணியம்மாள் கெஞ்சிப் பார்த்தாள். அவன் மசியவில்லை. நேராக ஜிம்முக்குப் போனான்.

"என்னடா, பவுடர் வேல செஞ்சிதா?" என்றார் அன்பழகன்.

"செஞ்சிது மாஸ்டர். நல்ல வருமானம்."

அவர் புரியாமல் கையை நீட்டினார். விரித்த உள்ளங்கையில் நூற்றிருபது பத்து ரூபாய் நோட்டுகளை, விரலில் எச்சில் தொட்டு, சத்தமாக எண்ணி வைத்தான் ஜெர்ரி.