கொட்டிவிட்ட குழாய்

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவருக்குப் பெயர் கொசு. பதினாறு வருடமாக ஊர் ரத்தத்தை உறிஞ்சுகிறவரை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? வயது முப்பத்தொன்பது. ஒல்லி. சிகரெட் கிடையாது. வருடத்துக்கு ஒருமுறை வெறும் வயிற்றில் தன் ரத்தத்தையும் பார்த்துக்கொள்வார். கொழுப்பு ஒரு தடவைகூட எல்லை தாண்டியதில்லை.

அன்று, ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் இயந்திரம் ஒன்று புதிதாக வந்திருந்தது. ஓட்டிப் பார்க்க ஒரு குழாய் ரத்தம் வேண்டும். யார் சும்மா இருக்கிறாரோ அவர் கையை நீட்டுவது அங்கே வழக்கம். கொசு நீட்டினார். மாலை நான்கு மணி. அவர் சாப்பிட்டது பத்து மணிக்கு.

சுழன்று நின்ற குழாயில் மேலே மஞ்சளாகத் தெளிந்திருக்க வேண்டிய நீர், வெள்ளை வெளேரென்று நின்றது.

"என்ன கொசு, உள்ள பால் டிப்போ வெச்சிருக்கியா?" என்றாள் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்பவள். எல்லோரும் சிரித்தார்கள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

குழாயில் நீர் பால் போல நின்றால் கீழே கொட்டிவிட்டு, "சாப்பிட்டு வந்திருக்கீங்க, நாளைக்கு வெறும் வயித்தோட வாங்க" என்று திருப்பி அனுப்புவதுதான் அவர் வேலை. பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். இரண்டு வருடத்துக்கு முன் அண்ணனையும் அப்படித்தான் அனுப்பினார். "டேய், காலைல ஏழு மணிக்குச் சாப்பிட்டதுடா, இப்ப மணி ஒண்ணு" என்றார் அண்ணன். "கதை விடாதே" என்று கொசு குழாயைக் கொட்டிவிட்டார். மறுநாள் தெளிவான ரத்தம், சுத்தமான ரிப்போர்ட். அதிலிருந்து எட்டாம் மாதம் அண்ணன் வேலைக்குக் கிளம்பும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே விழுந்தார். நாற்பத்தொரு வயது.

மறுநாளே கொசு டாக்டரிடம் போனார். டாக்டர் அவருடைய கழுத்து ரத்தக் குழாயை ஸ்கேன் செய்தார். கொழுப்பு படிந்து அதன் சுவர் தடித்திருந்தது.

"சாப்பிட்டா எல்லாருக்கும் ரத்தத்துல கொழுப்பு ஏறும். சில மணி நேரத்துல இறங்கணும். உங்களுக்குச் சீக்கிரம் இறங்கல. விடியறதுக்குள்ள இறங்கிடுது, அதனால ரிப்போர்ட் நல்ல பிள்ளையா இருக்கு. பகல் முழுக்க ரத்தக் குழாய் அந்தக் கொழுப்புலயே ஊறுது."

"இனிமே?"

"மாத்திரை, சாப்பாட்டுல கட்டுப்பாடு, நடை. மேல மேல படியறதைக் குறைக்கலாம். படிஞ்சது மொத்தமாப் போகும்னு சொல்ல மாட்டேன். அண்ணன் பிள்ளைங்க இருந்தா கூட்டிட்டு வாங்க."

இருந்தாள், பதினெட்டு வயதில் ஒருத்தி.

அவர் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னதும், அண்ணி அலமாரியைத் திறந்து அண்ணனின் அந்தப் பழைய ரிப்போர்ட்டை எடுத்து மேஜையில் விரித்தாள். "உங்க கையால எடுத்ததுதானே தம்பி? எல்லாம் சரியாத்தானே இருந்துச்சு? விதின்னு விட்டுட்டேன். இவளை எதுக்கு இப்ப பயமுறுத்தணும்?"

வேறு வழியே இல்லை. "அதுக்கு முந்தின நாள் எடுத்ததைக் கொட்டிட்டேன் அண்ணி. பால் மாதிரி இருந்துச்சு. சாப்பிட்டு ஆறு மணி நேரம் ஆச்சுன்னு அண்ணன் சொன்னாரு. நான் நம்பல."

"அன்னிக்கே தெரிஞ்சிருந்தா?"

"தெரியல அண்ணி. பிழைச்சிருப்பாருன்னும் சொல்ல முடியல, மாட்டாருன்னும் சொல்ல முடியல."

அண்ணி ரிப்போர்ட்டை மடிக்கவில்லை, கிழிக்கவும் இல்லை. அதன்மேல் கையை வைத்தபடி கேட்டாள்:

"பொண்ணு சாப்பிட்டு வரணுமா, சாப்பிடாமயா?"

"ரெண்டு தடவையும் எடுக்கணும்."

"சரி. கூட்டிட்டு வரேன். நீங்க எடுக்க வேண்டாம் தம்பி, வேற யாராவது எடுக்கட்டும்."