பன்னிரண்டு அடி

என் அத்தை பதினெட்டு ஆண்டுகள் சதுக்கத்தில் சுற்றுலா வழிகாட்டியாக இருந்தார். மணிக்கூண்டு, குதிரைச் சிலை, பழைய நீதிமன்றம், கடைசியில் நினைவுக்கல். முன்பு ஓர் ஊர்வலத்தின் மீது இங்கே துப்பாக்கிச் சூடு நடந்தது. கல்லில் நாற்பத்தொரு பெயர்கள். மாமாவின் பெயர் இல்லை. குண்டு பட்டதும் அவர் ஓடிப்போய்ப் பக்கத்துச் சந்தில், தையல் கடைப் படியில் விழுந்து இறந்தார். சதுக்கத்துக்குள் இறந்தவர்களை மட்டுமே கணக்கில் எடுத்தார்கள். பன்னிரண்டு அடி தள்ளிப்போய்விட்டார் மாமா.

சுற்றுலாத் துறை அச்சிட்டுக் கொடுத்ததைத்தான் வழிகாட்டிகள் சொல்லலாம். அத்தையும் நாற்பத்தொன்று என்றே சொல்லி வந்தார். ஆனால் பேருந்துக்குக் குறுக்குவழி என்று ஒவ்வொரு குழுவையும் அந்தச் சந்துக்குள் அழைத்துப் போவார். தையல் கடைப் படியருகே செருப்பு வாரைச் சரிசெய்கிற சாக்கில் குனிவார். காரணம் தெரியாமல் எல்லோரும் ஒரு நிமிடம் நிற்பார்கள். அந்த நிமிடத்துக்காகத்தான் அவர் அந்த வேலையில் இருந்தார்.

தையல்காரருக்கு விஷயம் தெரியும். “இன்னுமா அந்த வார் சரியாகல அக்கா?” என்பார்.

“உன்கிட்ட குடுத்தா மொத்தமா பிச்சுக் குடுப்ப. போ, வேலையைப் பாரு.”

உரிமம் புதுப்பிக்கும் ஆண்டில் ஓர் அதிகாரி குழுவோடு நடந்து கவனிப்பார். கடைசி முறை நானும் உடன் போனேன். அத்தை படியருகே குனிந்தபோது, பயணி ஒருத்தி கேட்டாள்.

“சுட்டப்போ ஜனங்க இந்தப் பக்கமும் ஓடியிருப்பாங்கல்ல? இங்க யாரும் சாகலையாம்மா?”

அதிகாரி முந்திக்கொண்டார். “பஸ்ஸுக்கு நேரமாச்சு, நடங்க, நடங்க.” கெட்ட மனிதர் அல்ல.

அத்தை நிமிர்ந்தார். “செத்தாரு. ஒருத்தர். இந்தப் படியில. மணிக்கூண்டுக்குச் சாவி குடுக்கிற வேலை பார்த்தவர். என் வீட்டுக்காரர்.”

ஒருவர் தொப்பியைக் கழற்றினார். அதிகாரி தாளில் எதையோ எழுதிவிட்டு, “உங்களுக்கு எதுக்கும்மா இது?” என்றார் தாழ்ந்த குரலில்.

உரிமம் போயிற்று. அது போகும் என்று அத்தைக்குத் தெரியும். அடுத்த மாதம் வந்த உத்தரவைத்தான் அவர் எதிர்பார்க்கவில்லை: குழுக்கள் இனி பெரிய வாசல் வழியாகவே வெளியேற வேண்டும், சந்துப் பக்கம் போகக் கூடாது.

தையல்காரர்தான் வீட்டுக்கு வந்து சொன்னார். “ஈ காக்கா இல்லக்கா அங்க.”

அத்தை காபி டம்ளரைக் கீழே வைத்தார். “நான் வாயைத் திறக்காமலே இருந்திருக்கலாமோ?”

தையல்காரர் என்னைப் பார்த்தார். நான் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.